பட்டியலில் இல்லாத போன்

கடலூர் செம்மண்டலத்தில் இறங்கி வைஃபை இளவரசு என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, “வாயி கொஞ்சம் ஜாஸ்தி, பாத்துக்குங்க” என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து அனுப்புவார்கள். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கடலூரில் எத்தனையோ வக்கீல் வீடுகளிலும் லாட்ஜுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் நெட்டு ஓடுவது அவன் கையால்தான். அந்தக் கைக்காகத்தான் அந்த வாயை ஊர் பொறுத்துக்கொண்டது.

குறிஞ்சிப்பாடியில் அரிசி மண்டி வைத்திருக்கும் தங்கராசு, ரௌட்டர் மாட்டிய சில நாட்களிலேயே நெட்டு செத்துவிட்டது என்று ஒருமுறை போனில் குதித்தார். போய்ப் பார்த்தால் பெட்டி இரும்பு பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒயர் மட்டும் கதவிடுக்கில் நசுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. “வெல ஒசந்த சாமான். நாலு பேரு வந்து போற வூடு” என்றார் தங்கராசு. “பொணத்த பொட்டியில வச்சி ஆணி அடிச்சிட்டு, பேசு பேசுன்னா அது பேசுமா?” என்று அவர் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே கேட்டான் இளவரசு. மனுஷன் சாவியை எடுத்து நீட்டினார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் பாடம் ஒன்றுதான். வெளியிலிருந்து ஒயரில் வருவதை வீட்டுக்குள் காற்றில் பரப்புவதுதான் ரௌட்டரின் வேலை. அதை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும். இரும்பும் பெரிய கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் தடித்த சுவரும் அதற்கு ஆகாது. அலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். இன்னொன்று வேகமானது, பக்கத்து அறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். பெரிய வீட்டுக்கு ஒரு பெட்டி போதாது, பின்கட்டு வரைக்கும் ஒயர் இழுத்து இன்னொன்று வைக்க வேண்டும். நெட்டுக்கு ஒரு பேர், ஒரு பாஸ்வேர்டு. பெட்டிக்கு உள்ளே போய் மாற்றங்கள் செய்வதற்கு வேறொரு பாஸ்வேர்டு. அந்த இரண்டாவதைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவைப்பவன், பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிறவன்.

இவ்வளவையும் அவன் சாதாரணமாகச் சொல்ல மாட்டான், திட்டித்தான் சொல்வான். வெளியில் புலி. இந்தப் புலி எங்கே எலியாகும் என்று கேட்டால், சிதம்பரத்தில்.

சிதம்பரத்தில் அவன் தங்கை அருள்மொழியைக் கொடுத்திருந்தது. அப்பா போன பிறகு அவளை எம்.எஸ்சி. கணக்கு வரைக்கும் படிக்க வைத்தவன் இளவரசுதான். குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் தினமும் காலையில் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டவனும் அவன்தான். பெயின்ட் கடை வைத்திருக்கும் ராஜவேல் பெண் கேட்டு வந்தபோது, நல்ல இடம், சொந்த வீடு, கெட்ட பழக்கம் இல்லை என்று கொடுத்தார்கள். கல்யாணத்தோடு வேலை போயிற்று. ராஜவேல் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, குரலைக்கூட உயர்த்த மாட்டார். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் அது வேண்டாம், அவ்வளவுதான்.

பெண் கொடுத்தவன் பெண் எடுத்தவன் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. வெறுங்கையோடு போகக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. அவர்கள் ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் எவனோ, அவன் வீட்டில் பெண்ணே பிறந்திருக்காது. ஊரெல்லாம் வாயாடும் இளவரசு இந்தச் சட்டத்துக்கு மட்டும் கைகட்டி நின்றான். அவன் சிதம்பரம் கிளம்பும்போதெல்லாம் அம்மா ரத்தினம்மாள் வாசல் வரைக்கும் வந்து, “அங்க போயி ஒன் வாயத் தொறக்காத. அவ வாழணும்” என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

ஒரு நாள் அருள்மொழி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணனுக்குப் போன் பண்ணினாள். அந்த வீட்டில் மாடியில்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் பேசுகிற அளவுக்கு. கீழே பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. போன் வெறும் கடிகாரம்தான்.

“ண்ணா, மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. வெளிநாட்டுல இருக்குற நம்ம புள்ளைங்களுக்கு நெட்டுலயே கணக்கு சொல்லிக் குடுக்கணும். நான் நடத்துறத பாத்து எடுப்பாங்களாம். மாடியிலேர்ந்து ரெண்டு வாட்டி பண்ணேன், என் மூஞ்சி அப்பிடியே நின்னுபோச்சாம். புதன்கெழம பதினோரு மணிக்கு கடசி சான்சு குடுத்துருக்காங்க.”

“மாப்ள என்னா சொல்றாரு?”

“கடையில கேமரா வச்சிருக்காருல்ல, அத வூட்டுலேர்ந்தே பாக்கலாம்னு சொன்னேன். அதுக்காவ நெட்டு போட ஒத்துக்கிட்டாரு. கிளாஸ பத்தியும் சொல்லிட்டேன். பாக்கலாம்னாரு. நெட்டு கம்பெனிக்காரன் வந்து ஒயர் குடுத்துட்டு போயிட்டான், முன் ரூம்போட நிக்குது. நீ வந்து பின்கட்டு வரைக்கும் எட்டுற மாதிரி பண்ணிக் குடுத்துடு.” ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். “எனக்குன்னு ஒண்ணு வேணும்ணா. குளிக்கிற சோப்பு தீந்துபோனாக்கூட நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

“செவ்வாக்கெழம வரேன். சமயக்கட்டுலகூட நெட்டு பறக்கும் பாரு” என்றான் இளவரசு.

செவ்வாய்க்கிழமை பூ, பழம், ஒரு டப்பா இனிப்பு, ஒரு மூட்டை ஒயர், தன் கைக்காசில் வாங்கிய இரண்டாவது ரௌட்டர் எல்லாவற்றோடும் சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். தேர் வீதியிலிருந்து பிரியும் சந்தில் நீளமான வீடு அது. முன் அறை, முற்றம், கூடம், அதைத் தாண்டிச் சமையல்கட்டு, அதன் ஓரத்தில் அரிசி மூட்டைகள் கிடக்கும் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையைத்தான் அருள்மொழி பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். ஒரு மூலையில் மேசை, பின்னால் சுவரின் கறை தெரியாமலிருக்க ஒரு நீலப் புடவையைக் கட்டியிருந்தாள்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தான். முன் அறையில் சிக்னல் நாலு கோடும் நின்றது. கூடத்தில் ஒன்று, சமையல்கட்டில் அதுவும் இல்லை. மாமியார் தில்லையம்மாள் ஊஞ்சலில் உட்கார்ந்து அவன் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செவுத்துல ஆணி கீணி அடிச்சிடாத தம்பி. மாமனாரு காலத்து செவுரு.”

“இல்லிங்க அத்த. ஓரமாவே கொண்டுபோயிடுறேன்.”

வேறு வீடாக இருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதைக் குறிஞ்சிப்பாடித் தங்கராசுதான் சொல்ல வேண்டும். ஒரு ஆணிகூட அடிக்காமல், உத்தரத்தின் மேலாகவே ஒயரை முற்றம் சுற்றி இழுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். அருள்மொழி முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. இரண்டாவது பெட்டியைச் சமையல்கட்டுப் பரண் மேலே வைத்து, இரண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தான். பேர் ராஜவேல் என்றே இருக்கட்டும் என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு போனாக நெட்டில் சேர்ந்தது. அவருடையது, சீரியல் பார்க்க மாமியாருடையது, கடைக் கேமரா பார்க்க இன்னொன்று, கடைசியாக அருள்மொழியுடையது. தூரத்திலிருந்தே கோளாறு பார்க்க வசதியாக எல்லா வீட்டையும் தன் போனில் சேர்த்து வைத்துக்கொள்வது அவன் வழக்கம். இந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டான்.

சின்ன அறையிலிருந்து அருள்மொழி செம்மண்டலத்துக்கு வீடியோவில் கூப்பிட்டாள். ரத்தினம்மாள் திரையில் வந்தாள். மகள் முகம் அசைந்து அசைந்து தெளிவாகத் தெரிந்ததும் கிழவி அழுதுவிட்டாள். “எளச்சிட்டியே” என்றாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, இனிமே டெய்லி பாரு” என்று சிரித்தாள் அருள்மொழி. கல்யாணமான பிறகு தங்கை இப்படிச் சிரித்து இளவரசு பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் அவன் தலைக்கு ஏறிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் நடந்தது.

முன் அறையில் வெற்றிலை போட்டுக்கொண்டே ராஜவேல், “பொட்டிக்கு உள்ள போற பக்கம்னு சொன்னீங்களே மச்சான், அத காட்டுங்க” என்றார். இளவரசு போனில் திறந்து காட்டினான். சேர்ந்திருந்த போன்களெல்லாம் பேர் பேராக வரிசையில் நின்றன.

“பக்கத்து வூட்டுக்காரன் பாஸ்வேர்டு தெரிஞ்சிக்கிட்டு வந்துட்டான்னா?”

“வர முடியாது மாப்ள!” இளவரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவன் மைதானம். “இதோ இந்த எடத்துல ஒரு தட்டு தட்டுனா, பட்டியல்ல இருக்குற போன மட்டும்தான் உள்ள விடும். மத்தவன் பாஸ்வேர்ட வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்க வேண்டியதுதான். என்னா பண்ணாலும் ஒண்ணும் நடக்காது.”

“அப்பிடியா? நல்ல வசதி.” ராஜவேல் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். “அப்பன்னா தட்டுங்க. தட்டிட்டு, அந்த கடசி போன பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க.”

கடைசி போன் அருள்மொழியுடையது. மாப்பிள்ளை விளையாடுகிறார் என்று நினைத்து இளவரசு சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

“நாளைக்கு அதுக்கு கிளாஸ் இருக்குங்க மாப்ள.”

“இருக்கு, சொன்னா. எவன் வூட்டு புள்ளைக்கோ இவ மூஞ்ச காட்டிக்கிட்டு ஒக்காரணுமா மச்சான்? கடைக்கு வர்றவன் என்னா கேப்பான், பெயின்ட் ஓடலயா, பொண்டாட்டிய வேலைக்கு உட்டுட்டியான்னு கேப்பான். நேரா வேணாம்னு சொல்லலாம். அழுவா. எனக்கு அவ அழுவுறத பாக்க முடியாது.” ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை. “நீங்க பண்ணிட்டா அழ மாட்டா. அண்ணன்ல?”

ஊஞ்சல் சத்தம் நின்றது. “தம்பிக்கு சொல்லணுமா? பொண்ணு குடுத்தவங்களுக்குத் தெரியாததா?” என்றாள் தில்லையம்மாள், கூடத்திலிருந்தே.

முடியாது என்று ஒரே ஒரு சொல். ஊரில் எல்லோரிடமும் சொன்ன சொல். இளவரசு வாயைத் திறந்தான். அம்மா வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. நாளைக்கே இவளைப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால்? வந்து செம்மண்டலத்தில் உட்கார்ந்துவிட்டால்? ஊர் என்ன சொல்லும்? வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு அவன் வீட்டில் ஒரு பிடி சோறும் நாலு கோடு சிக்னலும் இல்லாமலா போய்விடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் கொடுமை. அவன் தட்டினான். கோடாலிக்குக் காம்பு வேண்டுமென்றால் அதே காட்டில்தான் வெட்டுவார்கள்.

சற்று நேரத்தில் அருள்மொழி போனோடு ஓடி வந்தாள். “ண்ணா, அம்மாகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன், நெட்டு போயிடுச்சி. கொஞ்சம் பாரேன்.”

ராஜவேல் அவனைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது அவன்தான் என்று விட்டுவிட்டார்.

“செவுரு தடிப்புல்லம்மா,” என்றான் இளவரசு. “ஒன் ரூம்புக்கு சரியா எட்டல.”

“இப்பதானே எட்டுச்சி?”

“அப்பப்ப எட்டும்.”

அருள்மொழி முன் அறையின் ஜன்னலோரம் போனாள். அங்கேதான் முதல் பெட்டி பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. போனை அதன் பக்கத்தில், ஒட்டினாற்போல் பிடித்தாள். பாஸ்வேர்டை மறுபடியும் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு சாண் காற்றுதான் இருந்தது. அவள் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கணக்குப் படித்தவள், விடை கிடைப்பதற்கு அவளுக்கு நேரம் ஆகவில்லை.

“சரிண்ணா,” என்றாள். “காப்பி போடுறேன், குடிச்சிட்டு கெளம்பு.”

அந்தக் காப்பியையும் அவன் குடித்தான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவன் கடலூரில் ஒரு லாட்ஜில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தான். சிதம்பரம் வீட்டில், பட்டியலில் இல்லாத போன் ஒன்று உள்ளே வரப் பார்க்கிறது என்று எழுதியிருந்தது. கீழே தங்கையின் பேர். பக்கத்திலேயே ‘அனுமதி’ என்று ஒரு பொத்தான். இங்கிருந்தே, ஏணியை விட்டு இறங்காமலேயே தட்டலாம். ஒரு மணி நேரம் திறந்துவிட்டு மறுபடி மூடினால் மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாமலும் போகலாம், தெரிந்தும் போகலாம். அந்த ‘தெரிந்தும் போகலாம்’ அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. போன் மறுபடி துடித்தது. மறுபடி. நீலப் புடவைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள், அவளும் செம்மண்டலத்துப் பெண்தானே. அவன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மேலே ஓட்டை போடத் தொடங்கினான். ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டான். கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை ராஜவேல் போன் பண்ணினார். குரலில் தேன்.

“மச்சான், நம்ம வூட்டு வேலய பாத்துட்டு பக்கத்து வூட்டு தட்சிணாமூர்த்தி அசந்துட்டாரு. அவுரு வூட்டுக்கும் வந்து பண்ணணுமாம். நெட்டு ஏற்கனவே இருக்கு. அவுரு மருமவ சுவேதா, பேங்க் பரிட்சைக்குப் படிக்கிறேன்னு எந்நேரமும் போனும் கையுமா இருக்காளாம். அந்தப் பட்டியல் சமாச்சாரம் சொன்னேன். என் மச்சான் ஒரு தட்டுல முடிச்சிடுவாருன்னு சொல்லியிருக்கேன். என் மானத்த காப்பாத்துங்க.”

“சரிங்க மாப்ள” என்றான் இளவரசு.

அன்று சாயந்திரமே அருள்மொழி மாடியிலிருந்து கூப்பிட்டாள். கிளாஸைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

“நீதான் பண்ணன்னு அவுரே அந்தப் பட்டியல எடுத்து காட்டுனாருண்ணா. அம்மாகிட்ட சொல்லல, நீயும் சொல்லாத. தாங்க மாட்டாங்க.” காற்றுச் சத்தம் கேட்டது. “சுவேதாவுக்கு அடுத்த மாசம் பரிட்ச. ராவும் பகலுமா படிக்கிறா. எனக்கு பண்ணத பண்ணிட்ட, போவட்டும். அவளுக்கு பண்ணாதண்ணா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. வராத.”

“மாப்ள வாக்கு குடுத்துட்டாராம்மா.”

“துணி எடுக்கணும், வச்சிடுறேன்” என்றாள்.

இளவரசு போனான். பூவும் பழமும் வாங்கிக்கொண்டுதான் போனான். பக்கத்து வீட்டில் பெட்டியை நல்ல இடத்துக்கு மாற்றிவைத்தான், உள்ளே நுழையும் பாஸ்வேர்டைப் புதிதாக்கினான். தட்சிணாமூர்த்தி விரலை வைத்து “இது” என்று காட்டிய போனைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டான். அறைக் கதவோரம் கையில் புத்தகத்தோடு நின்ற பெண்ணை அவன் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்கச் சிரமப்பட்டான்.

தங்கை வீட்டில் சமையல் ஆகியிருந்தது. மாப்பிள்ளையும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அருள்மொழி இலை போட்டுப் பரிமாறினாள்.

“பக்கத்து வூட்டு வேல முடிஞ்சிதாண்ணா?”

“முடிஞ்சிதும்மா.”

“சுவேதா போன்ல எடுக்குதா?”

இளவரசு இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராஜவேல் வாய்விட்டுச் சிரித்தார். “ஒங்கண்ணன்னா கொக்கா!” என்றார்.

அருள்மொழியும் சிரித்தாள். “அப்ப நல்லா சாப்புடட்டும்” என்று சொல்லி, கரண்டி நிறையச் சோற்றை அள்ளி அண்ணன் இலையில் போட்டாள். போதும் என்று அவன் கையைக் குறுக்கே நீட்டினான். அந்தக் கையின் மேலேயே அவள் போட்டுக்கொண்டிருந்தாள்.